வில் மீன்பிடிப்பும் நூறு வயது பஃபலோ மீன்களும்: வரம்பு வேண்டுமா, வேண்டாமா?

கரையோரத்தான்:

வில் மீன்பிடிப்பைப் பற்றி வேறோர் இழையில் பேச்சு வந்தபோது, "வில்லால் அடிபடுவதெல்லாம் யாருக்கும் வேண்டாத மீன்தானே, ஏரிக்கு அதனால் நன்மைதான்" என்று நண்பர் வில்லவன் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பேச்சு வேறு திசையில் போய்விட்டதால் இதற்கென்றே தனி இழை தொடங்குகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வில்லும் அம்பும் கொண்டு மீன் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அம்பின் முனையில் எதிர்முள் இருக்கும். அம்போடு கட்டிய கயிறு வில்லில் பொருத்திய ரீலில் சுற்றியிருக்கும். மீன் தைத்ததும் கயிற்றைச் சுருட்டி இழுத்துக்கொள்ளலாம். வசந்த காலத்தில் கரையோர ஆழமற்ற நீரில் நின்று பகலில் செய்துவந்த இந்த வேட்டை இப்போது பெரிதும் மாறிவிட்டது. தட்டையடிப் படகின் முகப்பில் மேடை அமைத்து, சுற்றிலும் எல்.இ.டி. விளக்குகளைக் கட்டி, ஏரியின் அடித்தரை தெரியும்படி ஒளி பாய்ச்சிக்கொண்டு இரவு முழுவதும் போகிறார்கள். வால்ஐ, பாஸ், நார்தர்ன் பைக் போன்ற விளையாட்டு மீன்களைப் பொதுவாக வில்லால் தொடக்கூடாது. 'ரஃப் ஃபிஷ்', அதாவது மதிப்புக் குறைந்தவை, என்று சட்டம் வகைப்படுத்திய மீன்களையே பெரும்பாலும் அடிக்கலாம்.

என் எதிர்ப்பு வில்லின் மீது அல்ல, அந்தப் பட்டியலின் மீது. அதில் சாதாக் கெண்டை இருக்கிறது. 1870களின் இறுதியில் அமெரிக்க மீன்வள ஆணையமே ஜெர்மனியிலிருந்து தருவித்து, குளங்களில் பெருக்கி, நாடெங்கும் பரப்பிய மீன் அது. ஏரியின் அடியைக் கிளறி நீரைக் கலக்கி நீர்த்தாவரங்களை அழிக்கிறது. அதை எத்தனை அடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே பட்டியலில் பிக்மவுத் பஃபலோ, பௌஃபின், கார், ரெட்ஹார்ஸ், ஃப்ரெஷ்வாட்டர் டிரம் ஆகிய நாட்டு மீன்களையும் பல மாநிலங்கள் வைத்திருக்கின்றன. ஐரோப்பியர் இந்தக் கண்டத்துக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மிசிசிப்பி வடிநிலத்திலும் அதைச் சுற்றிய ஆறுகளிலும் வாழ்ந்துவருபவை இவை.

பிக்மவுத் பஃபலோவைப் பற்றி 2019-இல் 'கம்யூனிகேஷன்ஸ் பயாலஜி' இதழில் வந்த ஆய்வு மீன் அறிஞர்களையே திகைக்க வைத்தது. அதுவரை இந்த மீன் அதிகபட்சம் 26 ஆண்டுகள் வாழும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். மினசோட்டாவில் பிடிபட்ட ஒரு மீனின் வயது 112 என்று அந்த ஆய்வு நிறுவியது. அதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது: சில நீர்நிலைகளில் உள்ள பஃபலோக்களில் 85 முதல் 90 சதவீதம் வரை எண்பது வயதைத் தாண்டியவை. இளமீன்கள் ஏறத்தாழ இல்லை. இப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து எண்ணிக்கை வரம்பே இல்லாமல் மீனை எடுக்கலாம் என்று ஒரு மாநிலம் எந்த நியாயத்தில் சொல்ல முடியும்? வில் மீன்பிடிப்பை முழுவதும் தடை செய்யச் சொல்லவில்லை. நாட்டு மீன்களை அயல் மீன்களிடமிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாள் வரம்பு வைக்க வேண்டும் என்கிறேன்.

வில்லவன்:

தனி இழை தொடங்கியதற்கு நன்றி. டெக்சாஸில் இருந்து எழுதுகிறேன். வில் மீன்பிடிப்பு எனக்கும் என் பிள்ளைகளுக்கும் பிடித்த பொழுது. என்னைப் போன்றவர்களை ஏரிக்குப் பகைவர்களாகக் காட்டுவது சரியல்ல என்பதற்காகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் மேற்கோள் காட்டும் அதே ஆய்வு எதைக் காரணமாகச் சொல்கிறது என்று பாருங்கள். 1930களில் கட்டிய அணைகளைச் சுட்டுகிறது. வசந்தகால வெள்ளத்தில் மூழ்கும் புல்வெளிகளுக்கு ஏறிப்போய் முட்டையிடும் மீன் இது. அணை கட்டி, சதுப்புநிலத்தை வடித்து, வயலாக்கி, அந்த வழியை அடைத்தது யார்? வில்காரர்கள் அல்ல. அடுத்து, அதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் மினசோட்டாவின் ரைஸ் ஏரி வனவிலங்குப் புகலிடத்தில் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அங்கே பஃபலோக்கள் ஆண்டுதோறும் முட்டையிட வருகின்றன, குஞ்சும் பொரிக்கின்றன. ஆனால் 1957-க்குப் பிறகு பிறந்த தலைமுறை எதுவும் நிலைக்கவில்லை என்கிறது அந்த ஆய்வு. இன்றுள்ள விளக்குப் படகுகள் 1957-இல் இல்லை. குஞ்சுகளை நார்தர்ன் பைக் தின்றுவிடுகிறதோ என்பதுதான் அவர்களின் ஐயம். அப்படியிருக்க, குற்றவாளிக் கூண்டில் ஏன் அம்பை ஏற்றுகிறீர்கள்?

இன்னொன்று. மிசிசிப்பி ஆற்றில் வணிக மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பஃபலோவை வலைபோட்டுப் பிடித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஆர்கன்சாவிலும் டென்னசியிலும் பஃபலோ விலா வறுவல் உணவகப் பட்டியலில் இருக்கும் பதார்த்தம். அவர்களைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை. அடித்த மீனை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போகும் சிலர் உண்டு என்பதை அறிவேன். அவர்களைப் பிடித்துத் தண்டிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நான் அடிப்பதை என் வீட்டில் சமைக்கிறோம். பஃபலோவின் சதைக்குள் இடைமுட்கள் ஏராளம். தோலை உரித்துவிட்டு, கத்தியின் நுனியால் அரிசி அகல இடைவெளியில் குறுக்கே நெருக்கமாகக் கீறி, மசாலா தடவிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அந்த முட்கள் மொறுமொறுப்பாகிக் கடிபட்டுவிடும். உண்ணத் தகாத மீன் என்று ஒதுக்கியவர்களுக்கு அதன் சுவையைக் காட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தாம்.

மேலும், நாங்கள் வாங்கும் வில்களின் மீது 11 சதவீதக் கூட்டாட்சி வரி இருக்கிறது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. உரிமக் கட்டணம் தனி.

நன்னீர் மாணவி:

வில்லவன் அண்ணா, அணைகள் முதற்காரணம் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவோடு உடன்பட முடியவில்லை.

வயது எப்படித் தெரியவந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே அதை நம்பாதவர்களும் இருக்கலாம். முன்பு செதில்களில் உள்ள வளையங்களை எண்ணினார்கள். மீன் முதிர்ந்த பிறகு அதன் வளர்ச்சி மிக மெதுவாகிவிடுவதால் செதிலின் ஓரத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறைவாகவே வரும். மீனின் தலைக்குள் செவிக்கல் என்று சிறு சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அதை மெல்லிய தகடாக அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், மையத்தில் அகன்ற வளையங்களும், ஓரத்துக்கு வர வர மயிரிழை போல நெருங்கிய வளையங்களும் தெரியும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்று. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் இருந்தது. 1950களிலும் 60களிலும் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் கதிரியக்கக் கார்பனின் அளவை உயர்த்தின. சோதனைகளுக்கு முன் பிறந்த மீனின் செவிக்கல் மையத்தில் அந்த உயர்வு இருக்காது. வளையக் கணக்கும் கார்பன் கணக்கும் ஒத்துப்போயின. ஆகவே 112 என்பது ஊகமான எண் அல்ல.

அரிசோனாவின் அப்பாச்சி ஏரியிலும் இதே கதைதான். 1918-இல் அயோவாவிலிருந்து ரயிலில் கொண்டுபோய் அந்த ஆற்றின் மேலே உள்ள ரூஸ்வெல்ட் ஏரியில் பஃபலோ மீன்களை விட்டார்கள். அப்போது விடப்பட்டவற்றில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயதாக வயதாக இவற்றின் உடலில் ஆரஞ்சும் கறுப்புமான புள்ளிகள் தோன்றுகின்றன. தூண்டிலில் பிடித்துப் படமெடுத்து உயிரோடு விட்ட மீனவர்கள், அந்தப் புள்ளி வரிசையை வைத்தே ஒரு மீனை ஆண்டுகள் கழித்தும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இப்போது உங்கள் வாதத்துக்கு வருகிறேன். இவ்வளவு காலம் வாழும் ஒரு மீன், ஆண்டுதோறும் பிள்ளைபெற்று எண்ணிக்கையை நிலைநிறுத்தும் வாழ்க்கையை வாழவில்லை. நல்ல வெள்ளம் வந்து, குஞ்சுகளுக்கு உணவும் மறைவிடமும் ஒருங்கே அமையும் அரிய ஆண்டுக்காகப் பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்கிறது. காத்திருக்கும் ஆற்றல்தான் அதன் பாதுகாப்பு. 2021-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வில், முதிய பஃபலோக்களிடம் மூப்பால் வரும் தளர்ச்சி காணப்படவில்லை. நோயெதிர்ப்பில் அவை இளையவற்றைவிட மேம்பட்டே இருந்தன. அப்படிக் காத்திருக்கும் தாய்மீன்களை எடுத்துவிட்டால், நாளை அணையை அகற்றினாலும் முட்டையிட யாரும் இருக்கமாட்டார்கள். ஊற்று அடைபட்ட கிணற்றில், அடைத்தவர் யார் என்ற விசாரணை முடியும்வரை இறைத்துக்கொண்டே இருக்கலாம் என்பது போல இருக்கிறது உங்கள் வாதம். புதுத் தலைமுறை வராததற்கு அம்பு காரணமில்லை என்பதாலேயே அம்பால் கேடில்லை என்று ஆகிவிடாது. அது வராத இடத்தில்தான் ஒவ்வொரு அம்பின் இழப்பும் ஈடுசெய்ய முடியாததாகிறது.

வணிக மீனவரையும் வில்காரரையும் ஒப்பிட்டீர்கள். வணிக மீனவர் தனி உரிமம் பெற்று, பிடித்த எடையை மாநில மீன்வளத் துறைக்குக் கணக்குக் கொடுக்கிறார். வில்லால் எடுத்ததற்குப் பெரும்பாலும் எந்தக் கணக்கும் இல்லை. கான்சஸ் அறிவியல் கழக இதழில் 2020-இல் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்க மாநிலங்களின் வில் மீன்பிடி விதிகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான மாநிலங்களில் இந்த நாட்டு மீன்களுக்கு எண்ணிக்கை வரம்பு கூட இல்லை என்று சுட்டிக்காட்டியது.

தணிகைவேலன்:

நான் வால்ஐ மட்டும் பிடிப்பவன். இரு தரப்பையும் படித்தேன். ஒரு கேள்வி: இந்தப் பஃபலோவும் டிரம்மும் வால்ஐ, பெர்ச் குஞ்சுகளின் உணவைத் தின்று, முட்டைகளையும் விழுங்குகின்றன என்றுதான் படகுத்துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். நம் உரிமப் பணம் நமக்குப் பயன்படும் மீனுக்குத்தானே செலவாக வேண்டும்? துறையிடம் இருக்கும் ஆட்களும் பணமும் குறைவு. அதை யாரும் தூண்டில் போடாத மீனுக்கு ஏன் பங்கிட வேண்டும்?

கரையோரத்தான்:

தணிகைவேலன், படகுத்துறையில் சொல்வது நூறாண்டுப் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில் அரசுகள் செய்தவற்றைப் பார்த்தால் மனம் பதறுகிறது. 1930களில் டெக்சாஸ் அரசு, நீரில் மின்சாரம் பாய்ச்சிக் கார் மீன்களைக் கொல்வதற்கென்றே ஒரு படகைக் கட்டி ஆறுகளில் ஓட்டியது. 1962-இல் வயோமிங்கிலும் யூட்டாவிலும் கிரீன் ஆற்றில் 400 மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்கு ரோட்டெனோன் நஞ்சைக் கலந்தார்கள். புதிய நீர்த்தேக்கத்தில் டிரவுட் விடுவதற்காக நாட்டு மீன்களை ஒழிப்பதே நோக்கம். அன்று ஒழிக்க முயன்ற இனங்களில் சில இன்று அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற அதே அரசுதான் பணம் செலவிடுகிறது.

பிக்மவுத் பஃபலோ செவுள் முட்களால் நீரை வடிகட்டி நுண்ணிய விலங்கு மிதவைகளை உண்ணும் மீன். முட்டை விழுங்கி அல்ல. அதன் உணவுக்கு இன்று நேரடிப் போட்டியாக வந்திருப்பவை வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும்தாம். ஃப்ரெஷ்வாட்டர் டிரம்முக்கு வேறொரு வேலை இருக்கிறது. நன்னீர் மட்டிகளின் இளம்புழுக்கள் ஏதேனும் ஒரு மீனின் செவுளில் சில வாரம் ஒட்டி வளர்ந்த பிறகே ஆற்றடியில் இறங்க முடியும். பல மட்டி இனங்களுக்கு அந்த மீன் டிரம். டிரம் இல்லாத ஆற்றில் அந்த மட்டிகளும் இருக்காது. ஆற்று நீரை வடிகட்டித் தெளியவைப்பவை மட்டிகள். தெளிந்த நீர் வால்ஐக்கும் வேண்டும் அல்லவா?

வில்லவன்:

மாணவி எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். நல்ல விளக்கம். ஆனாலும் இரண்டு இடங்களில் நான் மாறுபடுகிறேன்.

ஒன்று, மீன்பிடிப்பை நிறுத்தினால் இந்த மீன்கள் மீளும் என்ற எதிர்பார்ப்பு. ஆரிகனின் மேல் கிளமத் ஏரியில் லாஸ்ட் ரிவர் சக்கர் என்ற மீன், பஃபலோவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். அதைக் கொக்கியால் இழுத்துப் பிடிக்கும் விளையாட்டை 1987-இல் மூடினார்கள். 1988-இல் அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். இன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மீன் மீண்டதா? இல்லை. ஏரியின் நீர் கெட்டிருக்கிறது. குஞ்சுகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. மீன்பிடிப்பவர்களை வெளியேற்றுவது எளிது, செலவில்லாதது. ஆகவே அரசு அதை முதலில் செய்துவிட்டுக் கடினமான வேலையைத் தள்ளிப்போடுகிறது. எனக்கு உள்ள அச்சம் இதுதான். வரம்பு வந்த நாளில் செய்தித்தாளில் படம் வரும். அணை அப்படியே நிற்கும்.

மினசோட்டா எல்லையில் ஓடும் ரெட் ஆற்றில் பல தடுப்பணைகளைப் பாறைச் சரிவுகளாக மாற்றி மீன் ஏறிப்போக வழி செய்திருக்கிறார்கள். அது உண்மையான பாதுகாப்பு. அதற்கு நிதி கேட்டு எழுதுங்கள். வில்காரர் சங்கங்களும் கையெழுத்திடும்.

இரண்டாவது, நாங்கள் அயல் கெண்டைகளை அகற்றுகிறோம் என்பதை நீங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இல்லினாய் ஆற்றில் படகின் இரைச்சலுக்கு வெள்ளிக் கெண்டைகள் தலைக்கு மேலே துள்ளுகின்றன. பறக்கும்போதே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாக் கெண்டையை நாங்கள் ஆண்டு முழுவதும் அடிக்கிறோம். நாட்டு மீனுக்குத் தனி விதி, அயல் மீனுக்குத் தனி விதி என்று வந்தால், தவறி ஒன்று பட்டுவிடுமோ என்ற பயத்தில் பலர் வில்லையே தூக்கி வைத்துவிடுவார்கள். அதனால் இலாபம் அடைவது கெண்டை மட்டும்தான்.

கரையோரத்தான்:

தவறிப் படும் என்ற உங்கள் கவலைதான் என் வாதத்தின் உயிர்நாடி. அதை ஒரு கணம் அருகில் வைத்துப் பார்ப்போம்.

கையில் பிடித்த மீனாக இருந்தால் இரண்டையும் பிரிப்பது எளிது. சாதாக் கெண்டைக்கு வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உண்டு. முதுகுத் துடுப்பின் முன்னால் அரம்போலப் பற்கள் கொண்ட ஒரு முள் உண்டு. பஃபலோவுக்கு மீசையும் இல்லை, அந்த முள்ளும் இல்லை. வாய் முகத்தின் நேர் முனையில் திறக்கும். ஆனால் வில்காரர் மீனைப் பார்ப்பது மேலிருந்து. நீர் ஒளியை முறிப்பதால் மீன் உண்மையில் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும்; அதனால்தான் மீனுக்குக் கீழே குறிவைக்கப் பழக்குகிறார்கள். விளக்கொளியில், கலங்கிய நீரில், நகரும் படகிலிருந்து, விலகி ஓடும் ஒரு கரும்முதுகை ஓரிரு நொடியில் பார்த்து நாணை விட வேண்டும். மீசை அங்கே தெரியாது. பழகியவர்கள் செதிலின் பொன்னிறத்தையும் துடுப்பின் வடிவையும் வைத்துப் பிரிப்பார்கள் என்பதை ஏற்கிறேன். முதலாண்டு வில் வாங்கியவரால் முடியாது.

தூண்டிலில் தவறான மீன் சிக்கினால் கொக்கியைக் கழற்றி விட்டுவிடலாம். அம்பு தைத்த மீனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அம்பால் அடித்து மீண்டும் நீரில் விட்ட மீன்கள் பிழைக்கின்றனவா என்று ஓக்லஹோமாவில் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை சில நாட்களுக்குள் இறந்துவிட்டன. ஆகவே வில் என்ற கருவிக்கு 'பிடித்து விடுதல்' பொருந்தாது. நாணை விடுவதற்கு முன் எடுக்கும் முடிவே இறுதி முடிவு. அப்படிப்பட்ட கருவிக்குத் தூண்டிலைவிடக் கடுமையான விதி வேண்டும். இன்று இருப்பதோ தளர்ந்த விதி.

கெண்டை ஒழிப்பைப் பற்றி: மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் சாதாக் கெண்டையைக் குறைத்துக் காட்டிய ஏரிகள் இருக்கின்றன. சில கெண்டைகளின் உடலில் ரேடியோ கருவி பொருத்தி ஏரியில் விட்டார்கள். குளிர்காலத்தில் கெண்டைகள் பனிக்கு அடியில் ஒரே இடத்தில் திரளும். கருவி காட்டிய இடத்தில் பனியைத் துளைத்து வலையை இழுத்தபோது ஏரியின் கெண்டைகளில் பெரும்பகுதி ஒரே முறையில் வந்தது. புளூகில் என்ற சிறுமீன் கெண்டை முட்டைகளை உண்பதால், குளிர்காலத்தில் மூச்சுத்திணறி அது செத்துப்போகும் ஆழமற்ற ஏரிகளில்தான் கெண்டை பெருகுகிறது என்பதையும் கண்டறிந்தார்கள். ஒரு பெண் கெண்டை இலட்சக்கணக்கில் முட்டையிடும். அத்தகைய மீனை அம்பால் ஒவ்வொன்றாக எடுத்துக் குறைத்துவிட முடியாது. பல பத்தாண்டுகளில் ஒருமுறை பலன் காணும் மீனை அம்பால் தீர்த்துவிட முடியும். ஒரே கருவி, இரு வேறு விளைவு. சட்டம் மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்?

நன்னீர் மாணவி:

கிளமத் ஏரியைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. அங்கே இன்று எஞ்சியிருக்கும் முதிர்ந்த சக்கர்களில் பெரும்பாலானவை 1990களின் தொடக்கத்தில் பிறந்தவை. 1987-இல் அந்த விளையாட்டை மூடியிராவிட்டால் அவற்றின் தாய்மீன்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிளமத் பழங்குடியினரும் கூட்டாட்சி வனவிலங்குத் துறையும் இன்று அந்த மீனைக் குஞ்சிலிருந்து வளர்த்து ஏரியில் விட முடிகிறதென்றால், முட்டை கொடுக்க அந்தத் தலைமுறை இருப்பதால்தான். மீன்பிடிப்பை நிறுத்தியது மீனை மீட்கவில்லை, உண்மை. மீட்பதற்கான கால அவகாசத்தை அது வாங்கிக்கொடுத்தது.

வில்லவன்:

அப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. கால அவகாசம் என்ற அளவில் வரம்பை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. என் மாநிலத்தில் ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலிகேட்டர் கார் மீனுக்கு டெக்சாஸ் 2009-இல் நாளொன்றுக்கு ஒன்று என்று வரம்பு வைத்தது. அப்போது எங்களில் பலர் சினந்தார்கள். டிரினிட்டி ஆற்றின் பெரும்பகுதியில் 2019 முதல் 48 அங்குலத்துக்கு மேற்பட்ட கார் மீனை எடுக்கக்கூடாது. பெரிய மீன் வேண்டுமென்றால் குலுக்கலில் அனுமதி பெறவேண்டும். எடுத்த கார் மீனைத் துறைக்கு அறிவிக்கவும் வேண்டும். ஃபால்கன் ஏரியில் கார் மீன் நிறைய இருப்பதால் அங்கே மட்டும் விதி தளர்வு. ஏரிக்கு ஏரி பார்த்து, எண்ணிப் பார்த்து எழுதிய விதி என்பதால் அதை மதிக்கிறேன். இன்றும் கார் மீனை வில்லால் அடிக்கிறோம். வில் மீன்பிடிப்பு அதனால் அழிந்துவிடவில்லை.

ஆனால் இரவுத் தடை என்ற கோரிக்கையும் கூடவே வருவதைப் பார்க்கிறேன். அதை ஏற்கமாட்டேன். இங்கே கோடையில் பகல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும். பிள்ளைகளோடு பகலில் படகில் நிற்க முடியாது. இரவுத் தடை கேட்பவர்களில் பாதிப்பேருக்கு மீனைப் பற்றிய கவலை இல்லை. ஏரிக்கரை வீட்டுக்காரர்களுக்கு ஜெனரேட்டர் சத்தமும் சன்னலில் விழும் வெளிச்சமும்தான் சிக்கல். அதற்கு ஒலி வரம்பு வைக்கட்டும், வீடுகளிலிருந்து தொலைவு வைக்கட்டும். மீனின் பெயரைச் சொல்லி அதைச் செய்யவேண்டாம்.

தணிகைவேலன்:

நாளொன்றுக்கு எத்தனை என்று யார் முடிவு செய்வது? ஏரியில் எத்தனை பஃபலோ இருக்கிறது என்றே துறைக்குத் தெரியாதே.

நன்னீர் மாணவி:

தெரியாதபோது குறைவாக எடுப்பதுதான் முறை, ஐயா. நூறாண்டு வாழும் மீன் கூட்டத்தில் இயற்கையாக ஓராண்டில் சாகும் பங்கு மிகச் சிறியது. அந்த அளவை ஒட்டியே நாம் எடுப்பதும் இருக்கவேண்டும். வால்ஐக்கு ஆறு என்று இருப்பதால் பஃபலோவுக்கும் ஆறு என்று வைத்தால் அது வரம்பே அல்ல. ஆறு பேர் ஏறிய படகு ஒன்று ஒரே இரவில் முப்பத்தாறு எடுக்கும். டெக்சாஸில் போல எடுத்ததை அறிவிக்கச் செய்து, தலையைத் துறையிடம் கொடுக்கச் சொன்னால், செவிக்கல்லை அறுத்து வயதையும் பார்த்துவிடலாம். இரண்டு மூன்று ஆண்டில் எந்த ஏரியில் இளமீன் இருக்கிறது, எதில் கிழமீன் மட்டும் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இளமீன் உள்ள ஏரியில் வரம்பைத் தளர்த்தலாம்.

வில்லவன்:

தலையைக் கொடுப்பதில் எனக்குச் சிக்கலே இல்லை. எங்கள் குழுவினரும் கொடுப்பார்கள். அடித்த மீன் எந்த ஆண்டு பிறந்தது என்று அறிந்துகொள்ள அவர்களுக்கே ஆர்வம் இருக்கும்.

கரையோரத்தான்:

மினசோட்டா சட்டமன்றம் 2024-இல் நாட்டு மீன்களை அயல் மீன்களிடமிருந்து பிரித்து வரையறுத்துவிட்டது. பிரித்ததோடு நின்றால் பயனில்லை என்பதால், இயற்கை வளத் துறைக்கு என் கருத்தை எழுதப் போகிறேன். பிக்மவுத் பஃபலோவுக்கு வில்லால் நாளொன்றுக்கு ஒன்று. எடுத்ததை அறிவிப்பது கட்டாயம். தலை துறையின் சேகரிப்புக்கு. சாதாக் கெண்டைக்கு வரம்பில்லை. வில்லவன் கேட்டபடி, தடுப்பணைகளைப் பாறைச் சரிவாக மாற்ற நிதி வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் முதல் கோரிக்கையாகச் சேர்க்கிறேன்.

இரவைப் பற்றி நமக்குள் உடன்பாடு இல்லை. மினசோட்டாவின் வசந்தம் டெக்சாஸ் கோடை அல்ல. மே மாதத்தில் பஃபலோக்கள் முழங்கால் ஆழ நீருக்கு முட்டையிட ஏறிவரும் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமாவது விளக்குப் படகுகளை அந்த வாய்க்கால்களில் அனுமதிக்கக் கூடாது என்று எழுதுவேன். அதில் உங்கள் கையெழுத்தைக் கேட்கமாட்டேன். மற்ற ஐந்துக்கும் தருவீர்களானால் வரைவை இங்கே இடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.